சிவப்பு ஒயரும் மஞ்சள் ஒயரும்: காரில் ஸ்டீரியோ மாற்ற நினைப்பவர்களுக்கு

காரில் புதிய ஸ்டீரியோ பொருத்துவதைப் பற்றிக் கடையில் விசாரித்தால், திரை எத்தனை அங்குலம், ரேம் எவ்வளவு, கேமராவோடு சேர்த்து விலை என்ன என்பதையெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் செல்லும் ஒயர்களைப் பற்றி அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கடந்த ஆண்டு ஆடித் தள்ளுபடியில் வாங்கிய ஸ்டீரியோவால் கார்த்திகை மாதம் வரை நான் பட்ட அவதி முழுவதும் அந்த ஒயர்களிலிருந்து வந்ததுதான். கணவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். கார் என்றால் இன்ன இடத்தில் இன்னது இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர அருகில் யாரும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு காரணம் சொல்ல, பணமும் நிம்மதியும் போன பிறகே உண்மை எனக்குத் தெரிந்தது. முன்கூட்டியே யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நாட்களில் பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என்னுடையது எட்டு ஆண்டுகள் பழைய சிறிய பெட்ரோல் கார். தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறேன். காரோடு வந்த பழைய ரேடியோவில் புளூடூத் கிடையாது, பின்பக்கக் கேமராவும் வைக்க முடியாது. எனவே 9 அங்குலத் திரை கொண்ட ஆண்ட்ராய்டு செட்டைக் கேமராவோடு 14,500 ரூபாய்க்கும், இருக்கைக்கு அடியில் வைக்கும் ஊஃபரை (பாட்டின் கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) 7,500 ரூபாய்க்கும் வாங்கினேன். பொருத்துவதற்குக் கூலி 1,500 ரூபாய். வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. டேஷ்போர்டைக் கழற்றிய இளைஞர், பழைய ரேடியோவின் பின்னால் செருகியிருந்த கப்ளரை, அதாவது ஒயர்களை ஒன்றாகச் செருகும் பிளக்கை, அறுத்து எறிந்துவிட்டு, காரின் ஒயர்களையும் செட்டின் ஒயர்களையும் கையால் முறுக்கிக் கருப்பு டேப் சுற்றினார். ஒயரை ஏன் வெட்டுகிறீர்கள் என்று நான் கேட்டபோது, "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் மேடம். கப்ளர் போட்டா தனியாக் காசு ஆகும், வேலை ஒண்ணுதான்" என்று பதில் வந்தது.

வேலை ஒன்றல்ல. உங்கள் கார் மாடலுக்கென்றே செய்யப்பட்ட கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் ஒரு முனை காரின் பிளக்கில் செருகிக்கொள்ளும், மறுமுனை செட்டில் செருகிக்கொள்ளும். காரின் ஒயர் ஒன்றுகூட வெட்டுப்படாது. நாளைக்குச் செட்டைக் கழற்றிப் பழைய ரேடியோவையே மாட்ட வேண்டுமென்றாலும் பத்து நிமிட வேலைதான். அத்துடன், நம் ஊர் வெயிலில் பூட்டி நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் சாதாரண டேப்பின் பசை இளகி, சுற்று தானாக அவிழத் தொடங்கிவிடும். முறுக்கி விட்ட செம்புக் கம்பி வண்டியின் அதிர்வில் தளரவும் செய்யும். எங்காவது இணைக்கத்தான் வேண்டுமென்றால் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது சரியான கருவியால் கிரிம்ப் செய்ய வேண்டும், அதாவது ஒயர் முனைகளைச் சிறிய உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைக்க வேண்டும். "கப்ளர் இல்லாமல் செய்ய வேண்டாம், அதற்கு ஆகும் காசைத் தருகிறேன்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது அவர்களிடம் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அன்று மாலையே ஒன்றைக் கவனித்தேன். சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் திரை எரிந்துகொண்டிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். "பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க மேடம், அணைஞ்சிடும். இந்த மாடல் அப்படித்தான்" என்றார்கள். அதன்படி தினமும் இறங்கும்போது பட்டனை அழுத்திப் பிடித்தேன், திரையும் இருண்டது. சரியாக ஒயர் கொடுக்கப்பட்ட எந்தச் செட்டும் சாவியை எடுத்தவுடன் தானாகவே அணைந்துவிடும் என்பதும், சில கார்களில் மட்டும் ஓட்டுநர் கதவைத் திறக்கும் வரை எரியும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பொருத்தி முடித்ததும் கடை வாசலிலேயே சாவியை எடுத்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். திரை அணையவில்லை என்றால் பணத்தைக் கொடுக்காமல் அங்கேயே நின்று சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஆவணியில் தொல்லை தொடங்கியது. திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அடுக்கக வாட்ச்மேன் பக்கத்து வண்டிக்காரரை அழைத்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பித் தருவார். சில நாட்கள் உதவிக்கு ஆள் இல்லாமல், பணம் கொடுத்து மெக்கானிக்கை வரவழைத்துவிட்டு டாக்சியில் அலுவலகம் போனேன். மாதக் கணக்கு முடிக்கும் நாளில் இப்படி ஆனபோது, மேலாளரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் வண்டி நிறுத்துமிடத்திலேயே அழுதுவிட்டேன். பேட்டரிக் கடையில் சோதித்துப் பார்த்து, மூன்று வருடம் ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு 4,800 ரூபாய்க்குப் புதிய 35 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டேன் (பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்பதன் அளவுதான் ஆம்பியர்-மணி). அடுத்த ஞாயிறன்று கோவிலுக்குப் போய்வந்ததால் திங்கட்கிழமை வண்டி கிளம்பியது. தொல்லை விட்டது என்று மகிழ்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறு வண்டியை எடுக்கவில்லை, திங்கட்கிழமை பழைய கதைதான். இப்போது பேட்டரிக்காரர், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மீது பழி போட்டார். ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.2 வோல்ட் வந்தது. ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தினமும் ஓடும் வண்டி கிளம்புகிறது, ஒன்றரை நாள் நின்றால் கிளம்பவில்லை. இந்த ஒழுங்குதான் முக்கியமான தடயம். பேட்டரி பழுதென்றால் இப்படிக் கிழமை பார்த்துச் சாகாது. நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். இந்த நிலையில் பேட்டரியை மாற்றுவது வீண் செலவு. இன்னொன்றும் உண்டு: கார் பேட்டரி ஒரு நொடி வேகமாக மின்சாரம் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறுவதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிமட்டம் வரை காலி செய்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து, ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறையும். நான் புதிதாக வாங்கிய பேட்டரிக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

ஐப்பசியில் இதைவிடப் பயங்கரமான ஒன்று நடந்தது. முதலில் ஒருநாள் பாட்டு ஓடும்போதே செட்டும் காருக்குள் எரியும் ரூம் லைட்டும் ஒன்றாக அணைந்தன. கடைக்கு எடுத்துப் போனேன். ஃபியூஸ் போய்விட்டது என்று வேறு ஒன்றைச் செருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கக் காஞ்சிபுரம் போய்விட்டு மழையில் திரும்பிக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, அவளை மழையிலேயே வெளியே இறக்கி நிறுத்தினேன். என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நாற்றம் அடங்கியதும் செட்டைப் போடாமலே மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இரவு கைப்பேசி வெளிச்சத்தில், காரின் கையேட்டில் உள்ள ஃபியூஸ் படத்தை வைத்துப் பார்த்தேன். ரேடியோவுக்கு 15 ஆம்பியர், அதாவது நீல நிற ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற ஃபியூஸ் இருந்தது. பச்சை என்றால் 30 ஆம்பியர்.

இதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபியூஸ் இருப்பது செட்டைக் காப்பாற்ற மட்டுமல்ல, அந்த வழியில் ஓடும் ஒயரைக் காப்பாற்றவே. ரேடியோவுக்கென்று தொழிற்சாலையில் போட்ட மெல்லிய ஒயர் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைக்கிறார்கள். ஃபியூஸ் போகிறதென்றால் அந்த வழியில் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்கிறது என்று பொருள். அதன் காரணத்தைத் தேடாமல் பெரிய ஃபியூஸைச் செருகினால், ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் உருகும். நிறங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வெட்டப்பட்ட ஒயர்களைப் பார்த்ததும், வெளியில் செய்த வேலையில் கைவைக்க மாட்டோம், முழு ஒயரிங்கையும் மாற்றினால்தான் பொறுப்பேற்போம் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தொகை ஸ்டீரியோவின் விலையைவிட அதிகம். அந்த மாலை எனக்கு வந்த கோபத்தில்தான் ரிச்சி தெருவுக்குப் போய் 950 ரூபாய்க்கு, வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். யாரிடமும் கேட்டுப் பயனில்லை, நானே அளந்துவிடுகிறேன் என்று முடிவுசெய்தேன்.

அளக்கும் முறை கடினமானதல்ல, ஆனால் வரிசை தவறக் கூடாது. பானெட்டைத் திறந்து வைத்து, சாவியை எடுத்து, கதவுகளை எல்லாம் மூடிவிட வேண்டும். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்ற வேண்டும், சாதாரணத் துளையில் வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, அந்தக் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். வைத்தவுடன் எண் அதிகமாகத்தான் காட்டும், ஏனென்றால் காரின் கணினிகள் அப்போதுதான் விழித்திருக்கும். அரை மணி நேரம் பொறுத்திருந்து பார்த்தால் வழக்கமாக 0.05 ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். மீட்டர் நடுவில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் சாவியைத் திருப்பக் கூடாது, செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தில் மீட்டர் எரிந்துவிடும். என் மீட்டரில் அரை மணி நேரம் கழித்தும் 0.8 என்று நின்றது. ரேடியோவின் ஃபியூஸைப் பிடுங்கினேன். எண் 0.03க்கு இறங்கியது. இத்தனை மாதங்களில் முதன்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

கணக்குப் பிரிவில் வேலை செய்பவளாதலால் உடனே பெருக்கிப் பார்த்தேன். 0.8 ஆம்பியர் என்றால் வாரநாள் இரவில் 12 மணி நேரத்துக்கு 10 ஆம்பியர்-மணிக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மறுநாள் ஒரகடம் போய்வருவதில் அது ஏறிவிடும். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை ஏறத்தாழ 37 மணி நேரம். அதற்கு 30 ஆம்பியர்-மணி போய்விடும், 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மிஞ்சுவது செல்ஃப் இழுக்கப் போதாது. திங்கட்கிழமைகளின் மர்மம் இவ்வளவுதான்.

ஏன் 0.8 போகிறது என்பதற்கு விடை டேஷ்போர்டுக்குள் இருந்தது. வெளியில் வாங்கும் செட்டுகளில் பெரும்பாலும் ஒயர் நிறங்கள் ஒரே மாதிரி இருக்கும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வேண்டிய ஒயர்; கடிகாரம், நினைவில் வைத்த அலைவரிசைகள் ஆகியவற்றை அது காக்கும், செட்டின் முக்கிய மின்சாரமும் அதில்தான் வரும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய ஒயர். செட்டுக்கு எழு, தூங்கு என்று சொல்வது அதுதான். கருப்பு எர்த், அதாவது காரின் இரும்பு பாடியோடு இணைக்க வேண்டிய ஒயர். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது, செட் ஓடும்போது ஊஃபரை எழுப்பும் ஒயர். என் காரில் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒரே ஒயரில் கொடுத்திருந்தார்கள். செட்டைப் பொறுத்தவரை சாவி எந்நேரமும் திருப்பியே இருக்கிறது. நான் பட்டனை அழுத்தியபோதெல்லாம் திரை மட்டும் இருண்டது, உள்ளே செட் விழித்திருந்தது, நீல ஒயரின் வழியாக இருக்கைக்கு அடியில் ஊஃபரையும் விழிக்க வைத்திருந்தது. உங்கள் செட் இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் நேரத்தையும் அமைப்புகளையும் மறந்துவிடுகிறதென்றால், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடம் மாறியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ஃபியூஸ் போன காரணமும் அங்கேயே தெரிந்தது. ஊஃபருக்கான மின்சாரத்தையும் அதே மெல்லிய ரேடியோ ஒயரிலிருந்து எடுத்திருந்தார்கள். ஊஃபருக்கு எப்போதும் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் அதற்கென்று தனி ஃபியூஸ் வைக்க வேண்டும், அப்போதுதான் வழியில் எங்கு ஒயர் உராய்ந்து பாடியில் பட்டாலும் ஃபியூஸ் போய்த் தீ தடுக்கப்படும்.

சரிசெய்யும் வேலையைப் பெருங்களத்தூரில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். நான் எழுதிக் கொண்டுபோன அளவுகளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "ஏம்மா, எல்லாத்தையும் நீயே கண்டுபிடிச்சுட்டியே. செட்டு பக்கம் கலரை நம்பலாம், வண்டி பக்கம் கலரை நம்பவே கூடாது. மீட்டர் சொல்றதைத்தான் நம்பணும்" என்றார். காரின் ஒயர் நிறங்கள் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், சாவி இல்லாதபோதும் உள்ளபோதும் எந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதென்று அளந்து, சீட்டு ஒட்டி வைத்த பிறகுதான் இணைக்கத் தொடங்கினார். அறுத்து எறிந்த கப்ளருக்குப் பதிலாக, புதுப்பேட்டையில் அதே மாடல் காரிலிருந்து ஒயரோடு வெட்டிய கப்ளரை 350 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். அதற்கு ஜோடியான பிளக் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தார். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்டு வரும் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றை எக்காரணம் கொண்டும் தொடவோ பல்பு டெஸ்டரால் குத்திப் பார்க்கவோ கூடாது என்றும் சொன்னார்.

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் ஸ்பீக்கரில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதுவும் அன்று போனது. எர்த் ஒயரை பெயிண்ட் அடித்த ஒரு திருகில் சுற்றியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் வளையம் வைத்து இறுக்கி, ஊஃபரின் சிக்னல் ஒயரை மின்சார ஒயரிலிருந்து பிரித்துக் காரின் மறுபக்கமாக ஓட்டியதும் ஒலி தெளிந்தது. ஸ்பீக்கர் ஒயர்களில் கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ் என்றாலும் அதை எர்த்தில் கொடுக்கக் கூடாது. இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் ஒலி வரும் என்பதால், பாடியில் பட்டால் செட்டின் ஆம்ப்ளிஃபயர் சிப் கெட்டுவிடும்.

ஊஃபருக்குத் தனி ஒயரும் ஃபியூஸும் 900 ரூபாய், கூலி 1,500 ரூபாய், கப்ளர்களோடு சேர்த்து 3,200 ரூபாயில் எல்லாம் முடிந்தது. இப்போது வண்டி நிற்கும்போது 0.03 ஆம்பியர்தான் போகிறது. பேட்டரி, ஜம்ப் ஸ்டார்ட், டாக்சி, இந்தச் சரிசெய்யும் செலவு என்று கூட்டினால் வீணானது ஏறக்குறைய 11,000 ரூபாய். எடுத்த விடுப்புகளை இதில் சேர்க்கவில்லை.

அளவுகளையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். உரிமையாளர் முதலில் மறுத்தார். 30 ஆம்பியர் ஃபியூஸின் படத்தைக் காட்டியதும் கூலி 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். பேட்டரிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். செட்டுக்குக் கொடுத்த பில்லில் பொருத்திய கூலியை அவர்கள் எழுதவே இல்லை, அதைத் தொலைபேசியில் பணம் அனுப்பிய பதிவைக் கொண்டுதான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனவே பொருளுக்கும் வேலைக்கும் தனித்தனியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பில்லை வைத்தே காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடலாம். காரோடு வராத மின்சாதனங்கள் சாதாரணப் பாலிசியில் சேராது, ஐ.எம்.டி. 24 (IMT 24) என்ற எண்டார்ஸ்மென்ட்டில், அதாவது பாலிசியோடு இணைக்கும் கூடுதல் விதியில், அவற்றைச் சேர்க்க வேண்டும். வழக்கமாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம், என் 22,000 ரூபாய்ப் பொருட்களுக்கு ஆண்டுக்கு 880 ரூபாய் ஆகிறது. இந்த முறை பாலிசியைப் புதுப்பித்தபோது அதையும் சேர்த்துக்கொண்டேன்.